மம்பட்டி கண்ட பாம்பு

பழனிமலைத் தொடரின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடிக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்தில், ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில், பட்டுப்போன செடிகளுக்குப் பதிலாகப் புது நாற்று வைப்பதற்கென்று குழி வெட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், ஓங்கிய மம்பட்டியை ஓங்கியபடியே நிறுத்திவிட்டு, "ஐயா, இங்கிட்டு வந்து பாருங்க" என்று என்னை அழைத்தார். கறுத்து ஈரமாய், விரலிடையில் எடுத்தால் வறுத்தரைத்த காப்பிப் பொடியைப் போல் உதிர்கின்ற அந்த மண்ணின் வெட்டுமுகத்தில், ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ள ஜீவன் ஒன்று, வெளிச்சம் பட்டுவிட்டதே என்ற தவிப்புடன், மீண்டும் மண்ணுக்குள் நுழைய வழி தேடிக்கொண்டிருந்தது. நிழல்மரங்களின் ஊடே விழுந்த வெயில் அதன் முதுகில் பட்டபோது, வெறும் கருமை என்று தோன்றியது மயில்கழுத்துப் பட்டைப் போல் நீலமும் ஊதாவும் பச்சையுமாக ஒரு கணம் மின்னி, அது புரண்டதும் மறுபடி கருமையாயிற்று.

"இருதலைப் பாம்புங்க. ஆறு மாசம் இந்தப் பக்கமாப் போகும், ஆறு மாசம் அந்தப் பக்கமாப் போகும். கையைக் கொடுத்துராதீங்க. நக்கிச்சுன்னா மேலெல்லாம் வெள்ளை விழுந்துரும்" என்றார் அவர். பெரியவர் சொல்லைத் தட்டுவது முறையல்ல என்று தெரிந்திருந்தும், ஆவலை அடக்கமாட்டாமல் அதைக் கையில் எடுத்தேன். அது கடிக்கவில்லை, கடிக்க எண்ணியதாகவும் தெரியவில்லை. என் விரல்களைச் சுற்றிக்கொண்டு, ஊசிபோல் கூரிய தலையை இரண்டு விரல்களின் இடுக்கில் நுழைத்து, அந்தச் சிறு உடலுக்குப் பொருந்தாத பலத்துடன் நெம்பிற்று. வால் என்று சொல்லத்தக்க கூர்முனை எதுவும் மறுபக்கத்தில் இல்லை. சாய்வாக அரிவாளால் சீவிவிட்டதைப் போல் தட்டையாக முடிந்த அந்த இடத்தில், அரம் போன்ற சொரசொரப்பின்மேல், குழந்தைக்குக் குல்லாய் வைத்ததுபோல ஒரு மண்கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த மண்குல்லாயே இந்த ஜந்துவின் அடையாளம். கேடயவால் பாம்பு என்று இக்காலத்து நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. சமவெளியில் செம்மண் காட்டிலும் மணற்பாங்கான தரிசிலும் வாழ்கின்ற, இருதலை மணியன் என்றும் மண்ணுளி என்றும் வழங்கப்படுகின்ற, கைப்பருமன் உள்ள பாம்பு வேறு. மலைக்காட்டின் ஈரமண்ணைவிட்டு அகலாத இந்தச் சிற்றுயிர் வேறு. ஆயினும் வால் மழுங்கிய பாம்பெல்லாம் இரண்டு தலை உடையது என்ற பழைய நம்பிக்கை, சமவெளியிலிருந்து மலையேறிய மக்களுடன் சேர்ந்து மலையேறி, ஒரு குற்றமும் அறியாத இதன்மேலும் வந்து ஏறிக்கொண்டது. இதற்கு விஷம் கிடையாது. மண்புழுவைத் தவிர வேறு ஆகாரத்தை இது பெரும்பாலும் நாடுவதில்லை. முட்டையிடாமல் ஒருசில குட்டிகளை ஈனுகின்றது. இக்குடும்பத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன என்பதும், அவை அத்தனையும் இந்தியத் தீபகற்பத்தின் மலைகளிலும் இலங்கைத் தீவிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை என்பதும், நம் ஊர்களில் பலருக்குத் தெரியாத செய்திகள்.

இப்பாம்பின் இயற்கையான இருப்பிடத்தை அறிய வேண்டுமானால் சோலை என்ற சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். நீலகிரியிலும் பழனிமலையிலும் ஆனைமலையிலும், உயர்ந்த புல்வெளிகளுக்கு இடையே, நீர் வழிந்தோடும் மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கின்ற குட்டைமரக் காட்டை நம்மவர்கள் சோலை என்று அழைத்தார்கள். அந்த நிலத்துக்கு ஈடான சொல் தம் பாஷையில் இல்லாமையால் ஆங்கில உத்தியோகஸ்தர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகத்துத் தாவர சாஸ்திரிகள் யாவரும் அதே சொல்லைத்தான் வழங்குகின்றனர். சோலைக்குள் அடியெடுத்து வைப்பவனுடைய கால் முதலில் இலைச்சருகில் புதையும். சருகுக்குக் கீழே மக்கிய இலை, அதற்குக் கீழே கறுத்த மண், அந்த மண்ணெங்கும் வேர்வலை என்று அடுக்கடுக்காக அமைந்த அந்தத் தரை, மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து, கோடையில் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகின்றது. பவானியும் வைகையும் தாமிரபரணியும் பிறக்கின்ற மலைகளில் மண்ணுக்கு இருக்கும் இந்தக் குணமே நம்முடைய வயல்களுக்கு ஆதாரம். அந்தப் பஞ்சுக்குள் குடியிருப்பதுதான் கேடயவால். மழைக்காலத்தில் சருகின் அடிவரை மேலேறியும், வறண்ட மாதங்களில் ஈரத்தைத் தொடர்ந்து ஆழத்துக்கு இறங்கியும், பகலிரவு பேதமில்லாத ஒரு வாழ்வை அது நடத்துகின்றது. அதன் கண்கள் கடுகளவு; அவற்றின்மேலும் செதில் மூடியிருக்கின்றது.

அதன் ஆகாரமான மண்புழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மண்ணைத் தின்று மண்ணையே வளமாக்கும் அப்புழுவின் பெருமையைச் சார்லஸ் டார்வின் 1881-இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். பத்தாண்டு கழித்து, 1891-இல் வெளிவந்த மனோன்மணீய நாடகத்தில், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஒரு பாத்திரத்தின் வாயிலாக நாங்கூழ்ப் புழுவை உழவர்களுக்குள் சிறந்த உழவனாகக் கண்டு போற்றினார். அவர் வாழ்ந்த திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே எழுகின்ற அகத்தியமலைச் சாரலில், அந்த உழவனை உண்டு, அந்த உழவன் போன வழியிலேயே தானும் உழுதுகொண்டு திரிகின்ற பாம்பு இருந்தது. அதைப் பாடுவதற்குத்தான் ஒரு புலவர் வாய்க்கவில்லை.

பாடியவர் இல்லாமற் போனாலும், பார்த்தவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. பழனிமலையில் பளியரும், ஆனைமலையில் காடரும், அகத்தியமலையில் காணிக்காரரும், காட்டுக் கிழங்குக்காகக் கூர்க்கம்பால் மண்ணைக் கிளறி வாழ்ந்த காலம் எத்தனை நூற்றாண்டு என்று யாரும் கணக்கிட்டதில்லை. கிழங்கின் பக்கத்தில் இந்தப் பாம்பும் அவர்கள் கம்பின் நுனிக்குத் தென்பட்டே இருக்கும். ஆனால் கம்பு பிடித்த கை ஏடு பிடிக்கவில்லை. ஆகையால் இந்த ஜீவனுடைய எழுதப்பட்ட சரித்திரம், இதை மண்ணிலிருந்து ஒருநாளும் எடுத்தறியாத ஒருவரிடமிருந்து தொடங்குகின்றது.

அவர் பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் ஜார்ஜ் குவியே. 1829-இல் வெளிவந்த தம் பிராணி சாஸ்திர நூலில், கிரேக்க மொழியில் வால்கேடயம் என்று பொருள்படும்படி யூரோபெல்டிஸ் என்னும் பேரினத்தை அமைத்து, தம் கைக்கு வந்த பாம்புக்கு இலங்கையின் பெயரைச் சூட்டினார். அந்தப் பாம்போ இலங்கையில் கிடையாது; நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. அதே ஆண்டில் அவர் நாமகரணம் செய்த இன்னொரு மண்பாம்புக்குப் பிலிப்பைன் தீவுகளின் பெயர் வாய்த்தது. அதுவோ இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது. மாலுமிகள் கையிலும் வியாபாரிகள் கையிலும் மாறி மாறிப் பாரிஸுக்குப் போய்ச்சேர்ந்த சாராயக் குப்பியில் எந்த ஊர் எழுதியிருந்ததோ, அந்த ஊரே பாம்பின் ஊராயிற்று. இரண்டு பெயர்களும் முதலில் இட்ட பெயரை மாற்றலாகாது என்னும் சாஸ்திர மரபின்படி, பிழையென்று யாவரும் அறிந்த பின்னும், இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

குப்பிகளின் காலம் போய் மலைகளின் காலம் வந்ததற்குக் காரணம் ரயில் என்றால் வியப்பாக இருக்கும். 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் வண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் கட்டை வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். கப்பலுக்கும் பாலத்துக்கும் தேக்கு வேண்டும். காடு வெட்டுண்டு போகும் வேகத்தைக் கண்டு சர்க்காரே கலங்கியதன் பலனாக, அதே 1856-இல் டாக்டர் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை ராஜதானியின் வனப் பாதுகாவலராக நியமனம் பெற்றார். அவருக்கு உதவியாளராக வந்து, பிறகு அவர் பதவிக்கே உயர்ந்து, 1882 வரை அத்துறையை நடத்தியவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் என்னும் ராணுவ உத்தியோகஸ்தர். தென்னிந்திய மரங்களைப் பற்றியும் பெரணிகளைப் பற்றியும் அவர் செய்த பெருநூல்களைத் தாவர சாஸ்திரிகள் இன்றும் எடுத்துப் புரட்டுகின்றனர். ஆனால் அவருடைய உள்ளத்தின் ஒரு மூலையை இந்த மண்பாம்புகள் பிடித்துக்கொண்டிருந்தன என்றே சொல்ல வேண்டும். சென்னையில் நடந்த ஒரு வைத்தியப் பத்திரிகையிலும் லண்டன் சங்கங்களின் ஏடுகளிலும் 1860-களில் தொடங்கி இனம் இனமாக அவற்றை வருணித்துவந்த அவர், 1886-இல் தீபகற்பத்தின், இலங்கையின் மண்பாம்புகள் அனைத்தையும் தொகுத்து ஒரே கட்டுரையாக வெளியிட்டார். இன்று இக்குடும்பத்தில் கைவைக்கும் எந்த ஆராய்ச்சியாளரும் அவரைக் கடந்து போக முடியாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நின்று நோக்க வேண்டும். மண்ணுக்குள்ளேயே பிறந்து மண்ணுக்குள்ளேயே மடிகின்ற ஜந்துவை, ஒரு மனிதர் தம் ஆயுளில் இத்தனை வகையாகக் கண்டது எவ்வாறு? சேர்வராயன் மலையில் சேலம் கலெக்டர் காக்பர்ன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காப்பி பயிரிடச் செய்திருந்தார். 1860-களில் வயநாட்டுச் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் மளமளவென்று பெருகின. நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் கொயினா மருந்துக்கான சிங்கோனா மரத்தைச் சர்க்காரே நட்டது. காடு விழுந்து, வேர் பிடுங்கப்பட்டு, சரிவு முழுவதும் மம்பட்டியால் கொத்தப்பட்ட அந்தக் காலத்தில், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மூடியிருந்த மண் முதன்முறையாகத் திறந்தது. மண் திறந்தால்தான் மண்பாம்பு வெளியே வரும். காட்டைக் காக்க வந்த பதவியும், காட்டைத் திருத்த வந்த முதலும், காட்டுயிரை எழுதிவைத்த பேனாவும் ஒரே காலத்தில் மலையேறின. இந்த ஜீவன்களைப் பற்றி நமக்குக் கிடைத்த அறிவின் பெரும்பகுதி, அவற்றின் வீடு இடிக்கப்பட்டபோது கிடைத்த அறிவாகும்.

அப்போது இடப்பட்ட பெயர்களை வரிசையாகப் படித்தால் ஒரு பழைய பூகோளப் படத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். பழனிமலையின் பெயரால் ஒன்று, திண்டுக்கல்லின் பெயரால் ஒன்று, மதுரையின் பெயரால் ஒன்று, வயநாட்டின் பெயரால் ஒன்று, திருவிதாங்கூரின் பெயரால் ஒன்று என்று நம் ஊர்கள் லத்தீன் விகுதி தரித்து நிற்கின்றன. மனிதர் பெயர்களும் உண்டு. நீலகிரியில் செடி திரட்டி, புதுச்சேரியில் வாழ்ந்து அங்கேயே மறைந்த பிரெஞ்சுக்காரர் பெரோத்தே ஒருவர். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டியெடுத்த வால்டர் எலியட் துரை ஒருவர். சென்னை ராஜதானியில் அம்மைப்பால் குத்தும் பணியை மேற்பார்த்த டாக்டர் ஷார்ட் ஒருவர். பெட்டோம் தாமும் ஒருவர். குழி வெட்டியவர் பெயர் மட்டும் அந்த வரிசையில் இல்லை.

ஊர்ப்பெயர்கள் இவ்வளவு வகையாக அமைந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பாம்பின் சுபாவத்திலேயே இருக்கின்றது. ஈரமண்ணை விட்டு நகராத உயிருக்கு, இரண்டு மலைகளுக்கு இடையே கிடக்கும் காய்ந்த சமவெளி, நமக்குக் கடல் எப்படியோ அப்படி. திண்டுக்கல்லுக்கு அருகே தனித்து நிற்கும் சிறுமலையும், சேலத்துக்கு மேலே நிற்கும் சேர்வராயனும் அதன் கணக்கில் தீவுகள். ஒரு தீவில் உள்ளது மறு தீவில் இராது. இலங்கைக்கும் நமக்கும் இடையில் கடல் தாழ்ந்து தரைவழி திறந்திருந்த யுகங்களிலும், இப்பாம்புகளின் இரு கிளைகள் பெரும்பாலும் தத்தம் மலைகளிலேயே தங்கி வேறுவேறாக வளர்ந்தன என்பதை, 2004-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று எடுத்துக்காட்டியது.

அந்தப் பாம்பு கடக்காத வழியை நம் மக்கள் கடந்தார்கள். பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிகளின் பின்னே, இராமேசுவரக் கரையிலிருந்து மன்னாருக்குப் படகேறி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாகச் சென்று, கண்டிச்சீமைக் காப்பித் தோட்டங்களில் மண் கொத்தினார்கள். 1869-இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழித்த பிறகு தேயிலைக்காக அதே மண்ணைத் திரும்பவும் கொத்தினார்கள். அங்கே இப்பாம்பின் உறவினங்களைச் சிங்களவர் துடுல்லா என்று அழைக்கின்றனர். அத்தீவிலேயே பிறந்த டாக்டர் கெலார்ட், அவற்றுள் பெரியதொன்றுக்கு 1853-இல் சப்பிரகமுவப் பிரதேசத்தின் பெயரைச் சரியாகவே சூட்டியிருந்தார். உள்ளூரில் பிறந்தவர் இட்ட பெயருக்கு ஊர் தவறவில்லை என்பதைக் குவியேயின் கதையுடன் சேர்த்துப் பார்க்கலாம்.

பெட்டோமுக்குப் பின் பல பத்தாண்டுகள், இப்பாம்புகள் பெரும்பாலும் காட்சிசாலைக் குப்பிகளில் எண்ணப்படும் செதில்களாகவே இருந்தன. அவை மண்ணுக்குள் எவ்வாறு நகர்கின்றன என்ற கேள்விக்கு 1978-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கார்ல் கான்ஸும் அவருடைய சகாக்களும் அளித்த விடை மிக அழகானது. தலையை அடுத்த முன்பகுதியில் மட்டும் தசை செக்கச்செவேலென்று, களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் வகையைச் சேர்ந்ததாக இருக்கின்றது. பின்னுடலின் தசை வெளிறியது. முன்பகுதியில், தோலுக்கு உள்ளே முதுகெலும்பு பாம்புபோல் வளைகின்றது, வெளித்தோல் வளைவதில்லை. வளைந்த இடத்தில் உடல் பருத்து வளையின் சுவரைப் பிடித்துக்கொள்ள, பிறகு எலும்பு நிமிரத் தலை முன்னே ஆப்புபோல் இறங்குகின்றது. பின்னுடல் இழுபட்டு வருகின்றது. இழுக்கும் எஞ்சின் முன்னால், சுமை பின்னால் என்பதால் அவர்கள் இதற்கு உவமை சொன்னது சரக்கு ரயிலை. அந்த ரயிலின் கடைசிப் பெட்டிக்கு இட்ட கதவே கேடயவால். மண்குல்லாயுடன் வளையை அடைத்துக்கொண்டு, பின்தொடர்ந்து வரும் பகையைத் தடுக்கின்றது. இந்த மலைகளின் மரங்களைத் தின்று வளர்ந்த ரயிலை, அந்த மலைகளின் மண்ணுக்குள் வாழ்ந்த பாம்புக்கு உவமையாக்கியவர்கள், பழைய கணக்கை நினைத்து அப்படிச் செய்யவில்லை. ஆயினும் உவமை தானாக வந்து அமர்ந்துகொண்டது.

நம்மவர்களும் பின்தங்கிவிடவில்லை. எம். வி. இராஜேந்திரன் இப்பாம்புகளைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1985-இல் வெளியிட்டது. நாமக்கல்லை ஒட்டிய போதமலையிலிருந்து 2013-இல் ஒரு புதிய இனம் அறிவிக்கப்பட்டது; கைப்பிடியளவு மலையிலும் கண்டறியாதது இன்னும் கிடக்கின்றது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இதற்கிடையே மழைக்கால விடியலில் வால்பாறைப் பக்கத்துச் சாலைகளில், நீர் நிறைந்த வளையிலிருந்து வெளியேறி ஊர்ந்து, சக்கரத்தடியில் நசுங்கிக் கிடக்கும் கேடயவால்களை, வழியில் போகின்றவர்கள் புழுவென்று எண்ணித் தாண்டிச் செல்கின்றனர்.

2020-இல் வயநாட்டிலிருந்து வருணிக்கப்பட்ட இனம் ஒன்றுக்குக் கரிந்தண்டன் பெயரை இட்டிருக்கின்றார்கள். தாமரைச்சேரிக் கணவாய்க்கு வழிகண்டு வெள்ளைக்காரப் பொறியாளருக்குக் காட்டியவன் என்றும், வழி தெரிந்தபின் அவர்களாலேயே கொல்லப்பட்டவன் என்றும், அவனுடைய ஆவியைச் சங்கிலியிட்டுக் கட்டிய மரம் இன்றும் லக்கிடியில் நிற்கின்றது என்றும் அங்குள்ள மக்கள் சொல்கின்ற பணியர் குலத்தவன் அவன். துரைக்கும் டாக்டருக்கும் ராணுவ உத்தியோகஸ்தருக்கும் இடம் தந்த பட்டியலில், மலையின் வழியறிந்த ஒருவனுக்கு இடம் கிடைக்க, குவியேயின் நூல் வெளிவந்து 191 ஆண்டுகள் ஆயின.

தாண்டிக்குடித் தோட்டத்தில் அன்று என் விரலிடுக்கில் நெம்பிக்கொண்டிருந்ததைக் குழியருகே இறக்கிவிட்டேன். எந்த இனம் என்று செதில் எண்ணிப் பார்க்கும் பயிற்சி எனக்கு இல்லை. அது தலையை மண்ணில் ஊன்றியதைத்தான் கண்டேன். உடல் அசைந்ததாகவே தோன்றாமல் அங்குலம் அங்குலமாகக் குறைந்து, கடைசியில் மண்குல்லாய் மட்டும் தெரிந்து, அதுவும் மண்ணோடு மண்ணாயிற்று. "கையைச் சாம்பல் போட்டுக் கழுவிருங்க" என்று சொல்லிவிட்டு, பெரியவர் வெட்டிய குழியைக் காலால் மண்தள்ளி மூடினார். மேலே ஒரு கை சருகை வாரிப் போட்டார். ஒரு முழம் தள்ளி அளந்து, அங்கே மம்பட்டியை ஓங்கினார்.